பழைய டூ-ஸ்ட்ரோக்கை டிராக்கில் ஓட்டும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

என் வண்டி 1981 மாடல் யமஹா ஆர்.டி. 350 எல்.சி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருடம் கிடந்ததை வாங்கி, டிராக்குக்காகவே பிரித்துச் சேர்த்தேன். ஆயில் பம்ப்பை எடுத்துவிட்டு பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுகிறேன். அதன்பின் மூன்று முறை பிஸ்டன் பிடித்தது, அதாவது சிலிண்டர் சுவரோடு இறுகி நின்றுவிட்டது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்று முறையும் முதலில் தவறான இடத்தில்தான் கை வைத்தேன், அந்தச் செலவு எல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. இப்போது நண்பர்கள் வண்டியைப் பக்கியில் (பிக்-அப் வண்டி) ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது நான் பார்க்கும் வரிசைதான் கீழே இருப்பது. காசு செலவில்லாத காரணம் முதலில், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கடைசியில்.

தண்ணீரால் குளிரும் இரட்டை சிலிண்டர் எல்.சி.யை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற பழைய டூ-ஸ்ட்ரோக்குக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரே ஒரு விதி. காற்றுக் கசிவு இல்லை என்று சோதித்து உறுதி செய்யும்வரை கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள திருகு) தொடாதீர்கள். கசிவு இருக்கும்போது பெரிய ஜெட் போட்டால் வண்டி அன்றைக்கு நன்றாக ஓடும். அடுத்த வாரம் பிஸ்டனை எடுத்துக்கொள்ளும்.

## கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

கில் சுவிட்ச், பெட்ரோல் டேப், டேங்க் மூடியின் காற்றுத் துளை. இந்த மூன்றையும் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். அப்புறம் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள்.

பிளக் நனைந்திருந்தால்: பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை அல்லது எஞ்சின் வெள்ளமாகிவிட்டது. டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, பிளக் இல்லாமல் பத்து கிக். புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியைக் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். கடற்கரைக் காற்றில் நிற்கும் வண்டிகளில் அந்த நுனி பச்சை பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எர்த் வயர் சட்டத்தோடு சேரும் இடத்தையும் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள்.

பிளக் காய்ந்திருந்தால்: பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பியிருந்தும் காய்ந்த பிளக் என்றால் பைலட் ஜெட் (தாழ்ந்த சுற்றுக்கான சின்ன ஜெட்) அடைப்பு. அந்த ஓட்டை தலைமுடி அளவுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு: கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் ரிங்தான் காரணம். இரண்டும் சமமாக இருந்தால் ரீட் வால்வை (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) கழற்றி, இதழ் முனை சிதைந்திருக்கிறதா, வெளிச்சம் தெரியும் அளவுக்கு விலகி நிற்கிறதா என்று பாருங்கள்.

## ஆக்சிலேட்டரை மூடியும் எஞ்சின் சுற்று (ஆர்.பி.எம்.) இறங்கவில்லை

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்ப்பேன். வளைவுக்குள் நுழையும்போது ஆக்சிலேட்டரை மூடுகிறீர்கள். டாக்கோமீட்டர் முள் 4,000இல் தயங்கி நிற்கிறது, பிறகுதான் மெல்ல இறங்குகிறது. பிட்டில் (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) நிற்கும்போதும் ஐட்லிங் தானாக ஏறுகிறது. அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்துங்கள். எஞ்சின் எங்கிருந்தோ கணக்கில் இல்லாத காற்றைக் குடிக்கிறது.

முதலில் கேபிள். ஹேண்டிலை இடது வலது முழுக்கத் திருப்பும்போது சுற்று மாறினால், கேபிள் எங்கோ இழுபடுகிறது. வழியை மாற்றிப் போட்டால் போதும்.

அடுத்து இன்டேக் ரப்பர். கார்புரேட்டரை சிலிண்டரோடு சேர்க்கும் அந்த ரப்பர் வெளியே நன்றாகத் தெரியும். கழற்றி, கட்டை விரலால் உள்பக்கம் வெளியே வரும்படி மடக்குங்கள். நாற்பது வருட ரப்பரில் அடிப்பகுதியில் மெல்லிய வெடிப்பு வாய் திறக்கும். இரண்டு ரப்பரையும் இணைக்கும் சின்னக் குழாய் உங்கள் வண்டியில் இருந்தால் அதன் இரு முனையையும் பாருங்கள். பசை பூசிச் சமாளிக்காதீர்கள், புது ரப்பர் வாங்குங்கள்.

அடுத்து கிராங்க் சீல். எல்.சி.யில் இடப்பக்க சீலுக்கு வெளியே ஃப்ளைவீல், வலப்பக்க சீலுக்கு வெளியே கிளட்சும் கியர்பாக்ஸ் எண்ணெயும். இடப்பக்கம் கெட்டால் காற்றைக் குடிக்கும், வலப்பக்கம் கெட்டால் எண்ணெயைக் குடிக்கும். ஆகவே சுற்று இறங்காமல், பிஸ்டனும் எப்போதும் இடப்பக்கமே பிடிக்கிறது என்றால் எனக்கு வேறு யோசனையே வராது.

ஐட்லிங்கில் ஓடவிட்டு மூட்டுகளில் கார்புரேட்டர் கிளீனரைத் துளி துளியாக அடித்து, சுற்று மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. வேலை செய்யும். ஆனால் சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, தீயணைப்பான் கையில் இல்லாமல் செய்யாதீர்கள். எனக்கு அதைவிட நம்பிக்கையானது காற்று அழுத்தச் சோதனை. அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் பெரும்பாலான எஞ்சின்கள் போகின்றன.

சைலன்சர் இரண்டையும் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் வாய்களில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டை வைத்து, மேலே தகடு வைத்து போல்ட்டை இறுக்குங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு இன்டேக் ரப்பரில் ரப்பர் அடைப்பை வைத்து கிளிப் போடுங்கள். இன்னொன்றில் நடுவே குழாய் நுழைத்த அடைப்பு. பிளக் இரண்டும் இடத்தில் இருக்க வேண்டும். இப்போது அந்தக் குழாயில், வீட்டில் பி.பி. பார்க்கும் பழைய கருவியின் கைப்பந்தையும் முள் காட்டியையும் மாட்டுங்கள். என் அம்மா வைத்திருந்தது எனக்கு இதற்குத்தான் பயன்படுகிறது. 250 வரை அழுத்துங்கள், முள் காட்டியின் எல்லையான 300ஐ நெருங்க வேண்டாம். காற்று நிரப்பும் கம்ப்ரஸரைக் கொண்டு ஊதினால் நல்ல சீலும் பிய்ந்துவிடும்.

நிமிடத்துக்கு 50க்கு மேல் முள் இறங்கினால் ஓட்டாதீர்கள். ஆறு நிமிடம் ஏறக்குறைய அசையாமல் நின்றால் எனக்கு நிம்மதி. இறங்குகிறது என்றால் சோப்புத் தண்ணீர். பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழைத் தேடுவது போலத் தேடுங்கள்: சிலிண்டர் அடி கேஸ்கெட், ரீட் பெட்டியின் ஓரம், எஞ்சின் கேஸின் இரு பாதியும் சேரும் கோடு, ஃப்ளைவீலுக்குப் பின்னால் இடது சீல். எங்குமே குமிழ் இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் சோப்புப் படலம் பூசுங்கள். அது உப்பினால் வலது சீல்.

ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கிராங்கில் இருப்பது உராயாத வகை சீல், கொஞ்சம் கசியும்படியே அமைந்தது. ஒரு பக்கத்தை மட்டும் அடைத்து ஊதினால் நல்ல எஞ்சினும் கசியும். இரண்டையும் அடைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

இடது சீலை ஃப்ளைவீலைக் கழற்றி மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சீலின் வெளிவிளிம்பில் எஞ்சின் கேஸ் பள்ளத்துக்குள் உட்காரும் வரம்பு இருந்தால் அப்படி முடியாது, கேஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். உங்களுக்கு கேஸைப் பிரித்துப் பழக்கம் இல்லை என்றால் இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு சீலையும் மாற்றச் சொல்லுங்கள். ஒன்று காய்ந்துபோனால் மற்றதும் அதே வயதுதான்.

## தாழ்வான சுற்றில் இருமுகிறது, திறந்தால் மூச்சடைக்கிறது

இது பெரும்பாலும் பெட்ரோல் கூடுதல். சோக் முழுதும் மூடவில்லையா, ஏர் ஃபில்டர் எண்ணெயில் ஊறிவிட்டதா, ஃப்ளோட் ஊசி தேய்ந்து கிண்ணம் வழிகிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

இவை எல்லாம் சரி, நேற்றுவரை டர்பனில் நன்றாக ஓடிய வண்டி இன்று மேட்டுநிலத்தில் இருமுகிறது என்றால் வண்டியில் கோளாறே இல்லை. வான் ரீனன் கணவாய் ஏறி ஜோஹன்னஸ்பர்க் போனால் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,700 மீட்டர். அங்கே காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. க்யாலாமி டிராக்கானாலும் வெல்கமில் உள்ள ஃபக்கீசா டிராக்கானாலும் மெயின் ஜெட்டை (முழு வேகத்துக்கான ஜெட்) சின்னதாக இறக்கித்தான் ஆக வேண்டும். என் வண்டியில் ஜெட் எண் கரையில் 210, ஃபக்கீசாவில் 195. ஏழு சதவீதம் என்று நினைவு வைத்துத் தொடங்கி, பிளக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களின் டர்பன் புழுக்கத்திலும் கொஞ்சம் இதே கதைதான். சூடான ஈரக் காற்று மெலிந்தது. ஜூலை மாதக் காலைக் குளிரில் அதே ஜெட் போதாமல் போகும்.

## நேர்ப்பாதை முடிவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது

பின் சக்கரம் கிறீச்சிடும் முன் அரை நொடி இருக்கும். சத்தம் ஒரு சுருதி இறங்கும், வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுப்பது போலிருக்கும். உடனே கிளட்ச். அதனால்தான் டூ-ஸ்ட்ரோக்கில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்சின் மேல் இருக்க வேண்டும். கையைத் தூக்கிக் காட்டி ஓரமாக ஒதுங்குங்கள்.

ஆறியபின் கிக் அடித்தால் பல சமயம் ஸ்டார்ட் ஆகும். அடிக்காதீர்கள். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்து, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றியபடி பிஸ்டன் பக்கச் சுவரைப் பாருங்கள். கோடு தெரிந்தால் ஹெட்டையும் சிலிண்டரையும் தூக்க வேண்டியதுதான். காரணம் பிஸ்டனிலேயே பதிந்திருக்கும்.

### நான்கு மூலையிலும் சமமாகக் கோடுகள்

சூடாக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள், அல்லது பிஸ்டன் இடைவெளி குறைவு. பிஸ்டன் சீக்கிரம் விரியும், சிலிண்டர் தாமதமாக விரியும். தண்ணீர் 50 டிகிரியைத் தொடும்வரை பிட்டை விட்டு வெளியேறாதீர்கள். சூடாக்கியும் இப்படி வந்தால் லேத் பட்டறையில் போர் போட்டவர் (சிலிண்டர் உட்சுவரைக் கடைந்தவர்) இறுக்கமாக விட்டிருக்கிறார். என் முதல் பிடிப்பு இதுதான். ஒரு பட்டறையில் பிஸ்டனை அளக்காமலேயே பெட்டியில் அச்சடித்த அளவை நம்பிப் போர் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது புது பிஸ்டனைக் கையோடு கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ப போடச் சொல்கிறேன். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளக்கும் கருவி இல்லாத பட்டறை வேண்டாம்.

### எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும், இரண்டு பிஸ்டனிலும்

பெட்ரோல் போதவில்லை. என் இரண்டாவது பிடிப்பு. ஜூலையில் ஃபக்கீசா போய் வந்தோம். மூன்று வாரம் கழித்து போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸி டிராக்குக்குப் போனேன், கார்புரேட்டரில் அதே 195. கடற்கரைக் காற்று அடர்த்தியானது. மூன்றாவது சுற்றில் முடிந்தது. இப்போது மேட்டுநிலத்திலிருந்து திரும்பியதும், வண்டியைப் பக்கியிலிருந்து இறக்கும் முன்பே அக்கா மகன் டேங்க்கில் எந்த ஜெட் போட்டிருக்கிறது என்று டேப் ஒட்டி எழுதிவிடுகிறான்.

ஜெட் சரி என்றால் பெட்ரோல் ஓட்டத்தை அளங்கள். இப்படித் தயாரித்த 350 முழு வேகத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர்வரை குடிக்கும். குழாயைக் கழற்றி ஒரு குப்பியில் ஒரு நிமிடம் விடுங்கள். முக்கால் லிட்டராவது வர வேண்டும் என்பது என் அளவுகோல். வரவில்லை என்றால் டேப் வலையில் துரு, அல்லது டேங்க் மூடித் துளை.

எண்ணெய்க் கலவையையும் மறக்காதீர்கள். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 30:1 என்றால் 167 மில்லி, 40:1 என்றால் 125 மில்லி. பெட்ரோலில் கலந்து ஓட்டும்போது ஆக்சிலேட்டரை மூடினால் எண்ணெயும் நின்றுவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் முழுசாக மூடி எஞ்சினால் வேகம் குறைக்காமல், கிளட்சைப் பிடித்து இரண்டு முறை முறுக்குங்கள்.

### ஒரு பிஸ்டனில் மட்டும்

அந்தப் பக்கத்துக் காற்றுக் கசிவு. மேலே சொன்ன அழுத்தச் சோதனைக்குப் போங்கள். என் மூன்றாவது பிடிப்பு. இடது சிலிண்டர் சூடாவது பிளக்கிலேயே தெரிந்தது. "மாமா, அந்தப் பக்கம் மட்டும் ஜெட்டைப் பெருசாப் போட்டுடலாமா?" என்று அக்கா மகன் கேட்டான். போட்டோம். இரண்டு நிகழ்ச்சி தாங்கியது. கேஸைப் பிரித்தபோது இடது சீலின் உதடு அப்பளம் போல நொறுங்கிக் கையில் வந்தது.

### பிஸ்டன் தலையின் ஓரம் கரையான் அரித்தது போல

இது டெட்டனேஷன், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது. பிளக் பீங்கானிலும் மிளகுத்தூள் போல அலுமினியப் புள்ளிகள் இருக்கும். இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருக்கிறதா என்று டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) வைத்து இரண்டு சிலிண்டரிலும் பாருங்கள். டர்பன் பம்புகளில் 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. உள்நாட்டில் 93ம் விற்கிறார்கள், டிராக்குக்கு 95ஐக் கேட்டு வாங்குங்கள். ஹெட்டை யாராவது முன்பு கடைந்து கம்ப்ரஷன் ஏற்றியிருந்தால், அதை அளப்பது இந்த வேலையில் பழகிய டியூனரின் பொறுப்பு.

### இன்டேக் பக்கம் மங்கலான கீறல்

மண். ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினீர்கள்.

சிலிண்டர் சுவரில் அப்பியிருப்பது பிஸ்டனின் அலுமினியம்தான், அடியில் இரும்பு நன்றாகவே இருக்கலாம். எல்.சி.யில் இருப்பது வார்ப்பிரும்பு லைனர். நீச்சல் குளத்துக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் தடவினால் அலுமினியம் நுரைத்துக் கரையும். கையுறை, கண்ணாடி, திறந்த இடம். அலுமினியச் சிலிண்டர் உடம்பில் பட விடாதீர்கள். தண்ணீரில் கழுவி உடனே எண்ணெய் பூசுங்கள். நகத்தால் வருடும்போது இன்னும் தடுக்கினால் 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், லேத் பட்டறை.

புது பிஸ்டனுக்குப் பின் பிளக்கைப் பாருங்கள். நேர்ப்பாதையில் முழு வேகத்தில் ஒரே நேரத்தில் கிளட்சைப் பிடித்துக் கில் சுவிட்சை அழுத்தி, அப்படியே பிட்டுக்கு உருண்டு வாருங்கள். பீங்கானின் முனையைப் பார்க்காதீர்கள். உள்ளே அது இரும்போடு சேரும் அடிவளையம் வறுத்த கொத்தமல்லி விதை நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் அடுத்த சுற்றுக்கு முன் ஜெட்டை ஏற்றுங்கள்.

## குளிர்ந்த எஞ்சினில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் தடுமாறுகிறது

கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டர். மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் சுருளின் மின்தடையைக் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, தடுமாறும் அதே நேரத்தில் ஒரு முறை அளந்து, இரண்டையும் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடுங்கள். சூட்டில் எண் தாவினாலோ அறுந்ததாகக் காட்டினாலோ சுருள் போய்விட்டது. மறு சுற்று சுற்றுபவரிடம் கொடுங்கள், வீட்டில் செய்யும் வேலையல்ல. சி.டி.ஐ. பெட்டியை (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) நண்பர் வண்டியிலிருந்து மாற்றிப் போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை.

## புகை நிற்கவில்லை, அல்லது தண்ணீர் குறைகிறது

கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

எண்ணெய் குறைந்திருக்கிறது, புகை வெளுப்பாக அடர்ந்திருக்கிறது: வலது கிராங்க் சீல். எண்ணெய் ஏறியிருக்கிறது, பால் ஊற்றிய காபி போல இருக்கிறது: வலப்பக்க மூடியில் இருக்கும் வாட்டர் பம்ப் சீல். எண்ணெய் அப்படியே இருக்கிறது, ரேடியேட்டரில் குமிழ் வருகிறது, ஒரு பிஸ்டன் தலை மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்றிருக்கிறது: ஹெட் கேஸ்கெட். கேஸ்கெட்டை மாற்றும் முன் ஹெட்டைக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் புதுக் கேஸ்கெட்டும் தாங்காது, பட்டறையில் சமன் செய்ய வேண்டும்.

சூடு மட்டும் ஏறுகிறது என்றால் முதலில் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள், ரேடியேட்டர் இதழ்களில் அடைத்த ரப்பர் துணுக்கைத் தட்டுங்கள். 60 முதல் 70 டிகிரியில் இந்த எஞ்சின் சந்தோஷமாக ஓடும். 80ஐத் தாண்டினால் உள்ளே வாருங்கள். டிராக்கில் வழுக்கும் என்பதால் பொதுவாக கூலண்ட் ஊற்ற விடமாட்டார்கள், வெறும் தண்ணீர்தான். குளிர்காலத்தில் வெல்கம் பக்கம் இரவு தங்கினால் மாலையிலேயே தண்ணீரை வடித்துவிடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவில் உறைந்த தண்ணீர் சிலிண்டரைப் பிளந்துவிடும்.

## கிளட்ச் வழுக்குகிறது

கேபிள் இடைவெளி, கியர்பாக்ஸுக்குக் கார் எண்ணெய் ஊற்றினீர்களா, ஸ்ப்ரிங், தட்டு. இந்த வரிசைதான், வேறொன்றுமில்லை.

## கால்மிதியில் புது அதிர்வு

எல்.சி.யின் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அந்த ரப்பர்களையும் போல்ட்டுகளையும் பாருங்கள். அவை சரி, ஒரு பிடிப்புக்குப் பிறகுதான் அதிர்வு வந்தது என்றால் கிராங்க் திரும்பியிருக்கலாம். இது துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்த கிராங்க், பிடித்த அதிர்ச்சியில் நடுவே முறுக்கிக்கொள்ளும். டயல் கேஜை இடது முனையில் வைத்துச் சுற்றுங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் ஓட்டாதீர்கள். இரண்டு பிஸ்டனும் மேல் முனையைத் தொடுவது சரியாக 180 டிகிரி இடைவெளியிலா என்றும் டிகிரி வட்டு வைத்துப் பாருங்கள்.

சுத்தியலால் தட்டி நேராக்குவதைப் பார்த்திருக்கிறேன், பழகிய கை அதைச் செய்யும். நீங்கள் செய்ய வேண்டாம். ஹைட்ராலிக் பிரஸ்ஸும் சென்டர் வைத்துச் சுற்றும் மேடையும் உள்ள கிராங்க் நிபுணரிடம்தான் இதைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது எந்தப் பக்கம் பிடித்தது, டயல் கேஜ் எவ்வளவு காட்டியது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு தாளில் எழுதிக் கிராங்கோடு சேர்த்துக் கட்டுங்கள். பேரிங், கனெக்டிங் ராடு, சீல் எல்லாம் ஒரே முறையில் மாற்றச் சொல்லுங்கள். திரும்பி வந்த கிராங்கை, அவர் சரி என்று சொன்னாலும், கேஸுக்குள் வைக்கும் முன் உங்கள் டயல் கேஜில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.